பெரியம்மா உப்புப் பார்த்த காலம்

எங்கள் தீவுப் பெண்களுக்குப் பிரஷர் வரத் தொடங்கியபோது அதை ஒரு வருத்தம் என்று ஒருத்தியும் எடுத்துக்கொள்ளவில்லை. ஏதோ பரிசு விழுந்த மாதிரித்தான் நடந்துகொண்டார்கள். மாதத்தில் ஒரு நாள் ஊர்காவற்றுறையிலிருந்து டொக்டர் வள்ளம் ஏறி எழுவைதீவுக்கு வருவார். வேதக் கோயில் விறாந்தையில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டு வைத்திருப்போம். அவர் வந்து அந்தப் பிரஷர் பார்க்கிற பெட்டியைத் திறப்பார். அன்றைக்குப் பார்க்கவேண்டும் எங்கள் பெண்டுகளை! பெருநாளுக்கென்று அலுமாரிக்குள் மடித்து வைத்த சேலையை எடுத்து உடுத்து, தலையைப் படிய இழுத்து முடிந்துகொண்டு, வெயில் ஏற முதலே வந்து குந்தியிருப்பார்கள்.

"எவ்வளவாம் உனக்கு?"

"நூற்றித் தொண்ணூறு."

"அட, அவ்வளவுதானோ? எனக்குப் போன மாசம் இருநூறு தாண்டினது. டொக்டர் ஐயாவே பயந்துபோனார்."

நூற்றைம்பது, நூற்றறுபது என்று வந்தவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு பின்பக்கத்தால் போய்விடுவார்கள். ஒன்றுமே இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று டொக்டர் சொன்ன ஒருத்தி, "வடிவாப் பாருங்கோ ஐயா, இருக்கும்" என்று கையை மறுபடியும் நீட்டினதை என் கண்ணால் கண்டேன்.

நான்தான் அந்தத் தீவின் மருத்துவமாது. பிள்ளைப்பேறு பார்க்கத்தான் எனக்கு வேலை தந்தார்கள். ஆனால் சின்னத் தீவில் வேறு ஆர் இருக்கிறார்கள்? பல்லுக்கொதி, நாய்க்கடி, தேள்க்கடி, புருஷன் பெண்சாதி சண்டை எல்லாம் என்னிடம்தான் வரும். எல்லோருக்கும் நான் 'மிசி'. எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். கோபமும் கெதியில் வரும். அந்தப் பவுசைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கோதாரி விழுந்த வருத்தம் இது, இதிலை என்னடி பெருமை?" என்று கத்துவேன். கத்திப்போட்டு வீட்டுக்கு வந்து யோசித்தால், அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் படும்.

ஏனென்றால் எங்கள் அம்மாமாருக்குப் பிரஷர் வரவில்லை. பிரஷர் வருகிற வயதுவரைக்கும் அவர்கள் இருக்கவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தீவில் பெண்கள் செத்தது பிள்ளைப்பேற்றில்தான். ஐம்பத்தாறிலோ ஏழிலோ, நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், முதன்முதலாக ஒரு மருத்துவமாது பெட்டியும் குடையுமாக வந்து இறங்கினா. அதற்குப் பிறகுதான் அந்தச் சாவு மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு நானே படித்து அந்த வேலைக்கு வந்தேன். குறைந்தபடியால்தான் எங்கள் பெண்டுகள் நாற்பதைக் கண்டார்கள், ஐம்பதைக் கண்டார்கள். கண்ட பிறகு பார்த்தால் முழங்கால் நோ, சலரோகம், கண்ணில் பூ, பிரஷர். ஆண்களுக்கு இதெல்லாம் வரக் காத்திருக்கப் பொறுமை இல்லை. கடலாலும் கள்ளாலும் அவர்கள் முந்திக்கொண்டார்கள். கோயிலில் பெண்கள் பக்கம் நரைத்த தலைகள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டு வந்தன. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். தலை நரைக்கும்வரை இருக்கிறார்களே, அது போதாதா?

என் அம்மா அப்படி இருக்கவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு நோக்காடு கண்டது மார்கழி மாதத்தில். நல்ல வாடைக்காற்று. தோணியைக் கடலில் இறக்க ஏலாமல் போய்விட்டது. அம்மாவும் போனா, பிள்ளையும் போனது. அம்மாவுக்கு இருபத்தாறு வயது. எனக்கு நாலு. அம்மாவின் முகம் எனக்கு நினைவில் இல்லை. ஒரு படம்கூட இல்லை. அந்தக் காலத்தில் படம் பிடிக்க யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டும். பிறகு பிடிப்போம், பிறகு பிடிப்போம் என்று விட்டதுதான்.

என்னை வளர்த்தது பெரியம்மா, அம்மாவின் அக்கா. புருஷனைக் கடலில் பறிகொடுத்தவர். பிள்ளை இல்லை. என்னைத்தான் பிள்ளையென்று வைத்திருந்தார். நான் கலியாணம் முடித்த பிறகும் ஒரே வளவில்தான் இருந்தோம். குரல் மட்டும் ஊருக்குக் கேட்கும். எனக்கு இந்த வாய் எங்கேயிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பெரியம்மாவுக்கு ஊரில் ஒரு உத்தியோகம் இருந்தது. உப்புப் பார்ப்பது. கலியாண வீடோ, செத்த வீடோ, கோயில் பெருநாளோ, பெரிய கிடாரத்தில் கறி கொதித்தால், பெரியம்மா வந்து ருசி பார்த்துச் சொல்லும்வரை அடுப்பை அணைக்கமாட்டார்கள். அவர் கையை நீட்டுவார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விடவேண்டும். நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சமையற்காரர் மூச்சு விடாமல் நிற்பார். "ஒரு சிறங்கை போடு" என்றால் ஒரு சிறங்கை. "காணும்" என்றால் அவ்வளவு போதும். அதற்கு மேல் பேச்சில்லை. அன்றாடச் சமையலுக்கும் இதே கதைதான். பக்கத்து வளவுப் பெண்கள் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் குழம்பை விட்டு, "பெரியம்மா, உப்பு எப்பிடி?" என்று வேலிக்கு மேலால் நீட்டுவார்கள்.

அவருடைய கண்ணில் பூ விழத் தொடங்கி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. முதலில் வலைக்கண் தெரியவில்லை. பிறகு மீன் முள்ளுத் தெரியவில்லை. ஒரு நாள் விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டார். அன்றைக்குக் கத்தியைப் பறித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போகவேண்டாம் என்றேன். அடுப்புக்குக் கிட்டப் போகவேண்டாம் என்றேன். என் மகள் பிறந்தபோது பெரியம்மாவுக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரிந்தன. பிள்ளையை மடியில் வைத்து முகத்தைத் தடவித் தடவிப் பார்ப்பார்.

மகள் வளர வளர ஊரில் ஒரு கதை கிளம்பியது. பிள்ளை என் அம்மாவைப் போலவே இருக்கிறாள் என்று. ஒருத்தி மூக்கு என்றாள், ஒருத்தி நெற்றி என்றாள், இன்னொருத்தி அதெல்லாம் இல்லை, சிரிப்புத்தான் என்றாள். முப்பது வருஷத்துக்கு முன்னே செத்த ஒரு பெண்ணின் முகம் யாருக்குச் சரியாக நினைவிருக்கும்? எனக்குத் தெரிந்து ஒரே ஆளுக்குத்தான் இருக்கும். அந்த ஆளுக்குக் கண் தெரியாது.

இதை நினைத்து நினைத்து எனக்கு நித்திரை போனது. மகளுக்கு நாலு வயது. அம்மா என்னை விட்டுப் போனபோது எனக்கிருந்த வயது. அம்மாவின் முகம் என் வீட்டு முற்றத்திலேயே ஓடித் திரிகிறதோ இல்லையோ என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும். பெரியம்மாவுக்கும் அதே ஆசைதான். "ஒருக்கா இவளைப் பாத்துப்போட்டுச் சாகவேணும்" என்பார்.

பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண் டொக்டரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, வெட்டி எடுக்கலாம், கண் தெரியும் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே துள்ளவேண்டும் போல இருந்தது. பிறகு பிரஷரைப் பார்த்தார். முகம் மாறியது.

"இந்தப் பிரஷரோடை கண்ணிலை கை வைக்க ஏலாது ஆச்சி. உப்பை விடுங்கோ. மாத்திரையைப் போடுங்கோ. குறைஞ்ச பிறகு வாங்கோ, செய்வம்."

"குறைஞ்சால் இவளின்ரை பிள்ளையின்ரை முகத்தைப் பாப்பனோ?"

"ஓம், பாப்பியள்."

"அப்ப விட்டாச்சு" என்றார் பெரியம்மா. ஏதோ வெற்றிலையை விடுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்து நான் ராச்சியம் நடத்தத் தொடங்கினேன். உப்புச் சாடியை மேலே பரணில் ஏற்றினேன். கருவாட்டு முட்டியைத் தூக்கி மச்சாள் வீட்டில் கொடுத்தேன். பெரியம்மாவுக்கென்று தனிச் சட்டி, தனி அகப்பை. உப்பில்லாத சோறு, உப்பில்லாத சொதி. அவர் ஒவ்வொரு வாய்க்கும் மாதாவைக் கூப்பிட்டார். "மாதாவே, இதைத் தின்னுறதுக்கு நான் மண்ணைத் தின்னலாம்" என்று பக்கத்து வளவுக்குக் கேட்கச் சொல்லிச் சொல்லித் தின்றார். ஆனாலும் தின்றார். எனக்கு உள்ளுக்குள் பாவமாகத்தான் இருந்தது. வெளியே காட்டவில்லை.

அடுத்த மாதம் தீவுக்கு டொக்டர் வந்து பட்டியைக் கட்டிப் பார்த்தார். குறையவில்லை. அதற்கடுத்த மாதமும் குறையவில்லை. கொஞ்சம் கூடியிருந்தது என்றுகூடச் சொன்னார். "மிசி, உங்கடை வீட்டிலையே இப்பிடியெண்டால் மற்றவைக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்று என்னைத்தான் பார்த்தார். இருந்த சனம் எல்லாம் என்னைப் பார்த்தது. எனக்கு வந்த வெட்கத்துக்கும் கோபத்துக்கும் அளவில்லை.

"பெரியம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. எங்கையாலும் உப்புத் தின்னுறியளோ?"

"மாதா அறிய இல்லை."

"சத்தியமா?"

"உன்ரை பிள்ளையின்ரை தலையிலை கை வைச்சுச் சொல்லுறன். ஒரு கல்லு உப்புத் தின்னேல்லை."

பெரியம்மா பொய்ச் சத்தியம் பண்ணுகிற ஆள் இல்லை. அதிலும் பிள்ளையின் தலையில். நான் தலையணைக்குக் கீழே தேடினேன், கடகத்துக்குள் தேடினேன், கருவாடு இல்லை. கிணற்றுத் தண்ணீர்தான் உவர் என்று நினைத்து, என் மனிசனை ஊர்காவற்றுறைப் பக்கம் போகும்போதெல்லாம் நல்ல தண்ணீர் கலனில் கொண்டுவர வைத்தேன். அந்த மனிசன் வலையையும் மீனையும் விட்டுவிட்டுத் தண்ணீர் சுமந்தது. அதுவும் பலிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் ஒரு வீட்டிலிருந்து நோக்காடு என்று ஆள் வந்து போனேன். போய்ப் பார்த்தால் பொய்நோ. நான் நினைத்ததைவிடக் கெதியாக, வெயில் உச்சிக்கு வர முதல் வீட்டுக்குத் திரும்பினேன். வளவுக்குள் கால் வைக்கிறேன், வேலியில் ஆள் நுழைகிற அளவு ஓட்டை, பொட்டு என்று சொல்வோம், இருக்கிறதே, அதற்கூடாக ஒரு கை நீண்டு இருந்தது. பக்கத்து வளவு அக்காவின் கை. கையில் சிரட்டை. சிரட்டைக்குள் குழம்பு. குழம்புக்குள் நல்ல சதையான பாரைமீன் துண்டு. இந்தப் பக்கத்தில் பெரியம்மா பலகையில் சம்மணம் போட்டு இருந்தார். அவருக்கு முன்னால் வெறும் சிரட்டை இன்னும் மூன்று நாலு கிடந்தது.

"என்ன நடக்குது இஞ்சை?"

அக்கா வெருண்டுபோய்க் கையை இழுத்தா. சிரட்டை வேலியில் தட்டுப்பட்டுக் குழம்பு முழுக்கக் கிடுகு ஓலையில் ஊற்றுப்பட்டது. பெரியம்மா அசையவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உப்புப் பாத்தனான்."

"மீன் துண்டிலையோ உப்புப் பாக்கிறது?"

"துண்டுக்குள்ளை உப்பு இறங்கினதோ எண்டு பாக்க வேண்டாமோ?"

"பிள்ளையின்ரை தலையிலை கை வைச்சுச் சத்தியம் பண்ணினியளே பெரியம்மா!"

"ஓம், பண்ணினனான். தின்னேல்லை எண்டுதானே சொன்னனான். உப்புப் பாக்கிறது தின்னுறதோ? தபசு காலத்திலை உபவாசம் பிடிக்கேக்கையும் நான் உப்புப் பாத்தனான். கோயில் பங்குச் சுவாமியிட்டைக் கேட்டும் பாத்தனான். அது உபவாசத்தை முறிக்காது எண்டவர். ஆண்டவரே கணக்கிலை எடுக்காததை உன்ரை டொக்டர் எடுப்பாரோ?"

அவர் ஏமாற்றவே இல்லை. அந்த மனிசிக்கு உண்மையிலேயே அது சாப்பாட்டுக் கணக்கில் வரவில்லை. வேலிக்கு அப்பால் இருந்து அக்காவின் குரல் மெல்ல வந்தது.

"மிசி, கோவிக்காதையுங்கோ. மனிசி உப்பில்லாமல் கிடந்து வாடுது. முந்தி ஒரு சொட்டுத்தான் குடுக்கிறனாங்கள். இப்ப பாவம் பாத்து ஒரு துண்டும் போடுறம். எல்லாரும்தான் போடுகினம்."

எல்லாரும்! நான் வீட்டில் உப்பை நிறுத்த, ஊர் முழுக்க ஒன்றுசேர்ந்து என் பெரியம்மாவுக்கு உப்பு ஊட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. எனக்கு விசர் பிடித்தது. இனிமேல் உப்புப் பார்ப்பதே இல்லை, வேலிப் பொட்டை இன்றைக்கே அடைப்பேன், ஒரு சிரட்டை இந்த வளவுக்குள் வரக்கூடாது என்று துள்ளினேன்.

பெரியம்மா சத்தமில்லாமல் சொன்னார். அவர் சத்தமில்லாமல் பேசி நான் கேட்டதே இல்லை.

"அடை. கத்தியைப் பறிச்சாய். அடுப்பைப் பறிச்சாய். கிணத்தடிக்குப் போகாதை எண்டாய். எல்லாம் சரி, என்ரை நன்மைக்குத்தான். இந்த ஊரிலை நானும் ஒரு ஆள் எண்டு தேடி வாறது அந்தச் சிரட்டை ஒண்டுதான். அதையும் பறி."

நான் குசினிக்குள் போய் இருந்து அழுதேன். எனக்கு அவர்மேல் கோபம், என்மேல் கோபம், பாரைமீன்மேல் கோபம். உத்தியோகத்தைப் பறித்துத்தான் கண்ணைக் கொடுக்கவேண்டுமென்றால் அது என்ன நியாயம் என்று தோன்றியது. கொடுக்காமல் விட்டால் அம்மாவின் முகம் பெரியம்மாவோடு சேர்ந்து போய்விடும். அதையும் என்னால் தாங்க ஏலாது.

பின்னேரம் மகள் வழக்கம்போல அவர் மடியில் போய் ஏறினாள். பெரியம்மா அவள் முகத்தைத் தடவினார். மூக்கை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "மூக்கு அவளின்ரை மாதிரித்தான் கிடக்குது. ஆனா விரலுக்கு என்ன தெரியும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

விடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் பழைய பித்தளைப் படிக்கம், வெற்றிலை துப்புகிறது, மினுக்கி வைத்திருந்தது.

"பொட்டை அடைக்காதை. உப்புப் பாப்பன். ஒரு சொட்டு. பாத்துப்போட்டு இதுக்குள்ளை துப்புவன். சரிதானே?"

"சரி" என்றேன். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. "மீன் துண்டு?" என்று மட்டும் கேட்டேன்.

"மீன் துண்டும் இல்லை. கோதாரி, போ."

அதற்குப் பிறகு சொன்ன சொல் தவறவில்லை. சிரட்டை வரும், ஒரு சொட்டு நாக்கில் படும், தீர்ப்பு வரும், படிக்கத்தில் துப்புவார். நான் இல்லாத நேரத்தில் அக்காவே காவல் நின்றா. குழம்பைக் கிடுகில் ஊற்றின குற்றத்துக்கு அவ தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனை அது.

சில கிழமை போனபிறகு ஒரு புதினம் நடந்தது. அக்கா சிரட்டையை நீட்டினா. பெரியம்மா நாக்கில் வைத்தார், முகத்தைச் சுளித்தார்.

"என்னடி இது, கரிக்குது!"

"நேற்றுப் போட்ட அளவுதான் பெரியம்மா."

"நேற்றுக் குடிச்சுப்போட்டுப் போட்டியோ? தண்ணி விடு. நாளைக்கு அரைவாசி போடு."

அடுத்த வீட்டுச் சிரட்டையும் கரித்தது. அதற்கடுத்ததும் கரித்தது. உப்பில்லாத சோறு தின்று தின்று பெரியம்மாவின் நாக்கு மாறிப்போயிருந்தது. ஆனால் அப்படி ஒரு சந்தேகம் ஊரில் ஒருத்திக்கும் வரவில்லை. உப்பு விஷயத்தில் பெரியம்மா பிழை சொல்வதென்பது சூரியன் மேற்கில் உதிப்பது மாதிரி. தங்கள் கைதான் பிழைத்துவிட்டது என்று ஒவ்வொருத்தியும் நினைத்தாள். கை அளவைக் குறைத்தார்கள். பெரியம்மாவின் நாக்கு இன்னும் நுட்பமாகியது. அவர்கள் இன்னும் குறைத்தார்கள்.

ஆண்கள்தான் முதலில் முணுமுணுத்தார்கள். என் மனிசன் ஒரு நாள் கடலால் வந்து இருந்து, இரண்டு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்து பார்த்தது. அன்றைக்கு அக்கா வீட்டிலிருந்து கொடுத்துவிட்ட நண்டுக்கறி.

"என்னப்பா, சுத்திவரக் கடல். இஞ்சை உப்புக்கு மட்டும் பஞ்சமோ?"

"பெரியம்மா பாத்துச் சரியெண்டவ."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மனிசன் பேசாமல் தின்றது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த முணுமுணுப்பும் நின்றுவிட்டது.

அந்த வருஷப் பெருநாளில்தான் விஷயம் வெளித்தது. பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் கோயில் வளவுப் பூவரசுக்குக் கீழே பெரிய கிடாரம் வைத்துப் பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சுவோம். அனலைதீவிலிருந்தும் ஊர்காவற்றுறையிலிருந்தும் வள்ளம் வள்ளமாகச் சனம் வந்திறங்கும். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டுக் கூழ் கொதித்தது. காய்ச்சுகிற அண்ணை அகப்பையோடு பெரியம்மாவிடம் வந்தார். நான் படிக்கத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பெரியம்மா ஒரு சொட்டை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, துப்பினார்.

"திறம். இனி ஒரு கல்லும் போடாதை."

பனையோலைப் பிளாவில் கூழை வார்த்துக் கொடுத்தோம். எங்கள் சனம் ஊதி ஊதிக் குடித்தது. "ஆ, என்ன ருசி!" என்றது. வந்த சனம் ஒரு மிடறு குடித்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது. விருந்தாளிகள், குறை சொல்ல ஏலாது. கடைசியில் ஊர்காவற்றுறை ஆள் ஒருத்தர் என்னிடம் வந்து, காதுக்குள் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"தங்கச்சி, குறை நினையாதையுங்கோ. கொஞ்சம் உப்புக் கிடைக்குமோ?"

ஒருத்தர் கேட்டதுதான் தாமதம், எனக்கு, எனக்கு என்று வந்தவர்கள் எல்லோரும் கையை நீட்டினார்கள். சிரட்டையில் உப்புக் கொண்டுவந்து வைத்தோம். அவர்கள் அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கினார்கள். எங்கள் ஆட்கள் குடிக்கிறதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். "ஐயோ, இந்தக் கூழுக்கு மேலையும் உப்போ! இதென்ன சனமப்பா, மாடு மாதிரி உப்புத் தின்னுது" என்றா அக்கா, மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு. நான் படிக்கத்தோடு நின்றபடி சிரிக்கத் தொடங்கினேன். எவ்வளவு அடக்கியும் அடங்கவில்லை. ஒரு கிழவியின் நாக்கு ஒரு தீவையே இழுத்துக்கொண்டு போய்விட்டது, அந்தத் தீவுக்கு அது தெரியவும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த டொக்டர் நாட்களில் நான் கூர்ந்து கவனித்தேன். பிரஷர் இறங்கிக்கொண்டு வந்தது. ஒருத்திக்கு இரண்டு பேருக்கு இல்லை, வந்து இருந்தவர்களில் கனபேருக்கு. பெண்டுகளுக்குத்தான் அது பெரிய கவலையாகப் போய்விட்டது.

"நூற்றைம்பதோ! ஐயா, மெசின் பழுது போலை. எனக்கு இருநூறு இருந்தது" என்று அக்கா சண்டைக்கே போனா.

டொக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியளே மிசி, மாத்திரையின்ரை குணத்தை" என்றார். நான் தலையை ஆட்டினேன். மாத்திரைக்கும் பங்கு இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாத்திரையைப் பாதிப்பேர் குசினிக் கூரையில் செருகி வைத்துவிட்டு மறந்துபோனது எனக்கல்லவா தெரியும்.

பெரியம்மாவின் முறை வந்தது. டொக்டர் இரண்டு தரம் பார்த்தார். "ஆச்சி, இனிக் கண்ணைச் செய்யலாம்" என்றார். பெரியம்மா எழும்பி நின்று அவருடைய தலையைத் தேடிப் பிடித்து ஆசீர்வாதம் பண்ணினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வள்ளம் ஏறி, பிறகு பஸ் ஏறி, பட்டணத்துக்குப் போனோம். கண்ணை வெட்டி எடுத்த பிறகு, தலையை அசைக்கக்கூடாது என்று இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். பெரியம்மாவைப் படுக்க வைக்கலாம், வாயைப் படுக்க வைக்க ஏலுமோ? அந்த வாட்டில் கிடந்த கிழவிகள் எல்லோரும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது, கொஞ்சம் ஊறுகாய் கொண்டுவந்து தாருங்கோ என்று போகிறவர் வருகிறவரிடம் கெஞ்சிக்கொண்டு கிடந்தார்கள். எங்கள் ஆள் மட்டும், "ஆர் இந்தப் பருப்புக்கு உப்புப் பாத்தது? கரிச்சுக் கொட்டுது. அவளை ஒருக்கா இஞ்சை வரச் சொல்லு" என்று கட்டுப்போட்ட கண்ணோடு கத்தினார்.

கட்டை அவிழ்த்தபோது எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. கண்ணாடி போட்டால்தான் சரியாகத் தெரியும் என்றார்கள். அந்தக் காலத்தில் எதற்கும் தட்டுப்பாடு. கண்ணாடி வரக் கனநாள் எடுத்தது. ஒரு நாள் காலை என் மனிசன் பட்டணத்துக்குப் போய், பின்னேரம் அதைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தது. போத்தல் அடிமாதிரித் தடித்த கண்ணாடி. நான் மகளுக்கு முகம் கழுவி, தலை இழுத்து, புதுச் சட்டை போட்டு முற்றத்து வெளிச்சத்தில் நிற்பாட்டினேன். வேலிப் பொட்டுக்குள் அக்காவின் தலையும், அதற்கு மேலே இன்னும் நாலு தலையும் தெரிந்தன.

பெரியம்மாவின் மூக்கில் கண்ணாடியை வைத்தேன். அவர் இமையை வெட்டினார். கையை நீட்டித் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு பிள்ளையைக் கிட்ட இழுத்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நெற்றி, மூக்கு, வாய்.

"வடிவான பிள்ளை" என்றார். "ஆனா இவள் தேப்பன்தான். தேப்பனை உரிச்சுப் படைச்சுக் கிடக்குது. எங்கடை ஆக்களின்ரை சாயல் துண்டற இல்லை."

வேலியில் யாரோ சிரித்தார்கள். என் மனிசனுக்குப் பெருமை தாங்கவில்லை, மீசையைத் தடவிக்கொண்டது. எனக்கு மட்டும் இதற்கோ இவ்வளவு பாடு என்று இருந்தது. முகத்தைக் காட்டக்கூடாதென்று, "சரி, பாத்தாச்சுத்தானே, அடுப்பிலை சோறு கிடக்குது" என்று திரும்பினேன்.

"எடியே, நில்லு. எங்கை போறாய்? இஞ்சாலை வா. வெளிச்சத்துக்கு வா."

போனேன். என்னைக் கடைசியாக அவர் தெளிவாகப் பார்த்து எத்தனையோ வருஷம். அப்போது நான் கன்னம் கொழுத்த பெட்டை. இப்போது முப்பத்தைந்து தாண்டி, கன்னம் ஒட்டி, நெற்றி ஓரத்தில் நரையும் விழுந்திருந்தது. பெரியம்மா என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய கண் பெரிதாகத் தெரிந்தது, அது நிறைந்துகொண்டு வந்தது.

"கொம்மா" என்றார்.

"என்ன பெரியம்மா?"

"கொம்மா இருந்திருந்தால் இப்பிடித்தான் இருந்திருப்பாள். என்ரை தங்கச்சியை நரைச்ச தலையோடை பாக்க எனக்குக் குடுத்து வைக்கேல்லை எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

வாய்க்காரி என்று ஊர் முழுக்கப் பேர் எடுத்தவள் நான். அவர் கையை விடுவித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன், அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். வெளியே பெரியம்மா, "எங்கையடி ஓடுறாய், நான் இன்னும் பாத்து முடியேல்லை!" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

அம்மாவுக்கு நரைத்திருந்தது.